பல வேலைகளை ஒன்றாகத் தாங்கும் வாட்டர் கூலிங் கணினி: திட்டம் போடுவதிலிருந்து தண்ணீர் நிரப்பி ஓடவிடுவது வரை

வாட்டர் கூலிங் போட்டால் கணினி பறக்கும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுபவர்கள் நிறைய. பறக்காது. நல்ல ஏர் கூலரில் ஓடும் அதே ப்ராசஸர், தண்ணீருக்கு மாறினால் கொஞ்சம் கூடுதலாகத் தரும், அவ்வளவுதான். தண்ணீரால் கிடைக்கிற லாபம் வேறு. ஒரு பக்கம் ரெண்டரிங், இன்னொரு பக்கம் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்), நடுவில் வீடியோ கால் என்று மணிக்கணக்கில் முழு பாரம் ஏறியிருந்தாலும், வேகம் குறையாமல், மின்விசிறிகள் இரையாமல் ஓடும்.

ஆகவே ரேடியேட்டரை, அதாவது சூடான தண்ணீரைக் காற்றில் ஆற்றும் பாகத்தை, தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை யோசிப்பது தலைகீழ் வேலை. முதலில் என்ன வேலை, அதற்கு என்ன பாகங்கள், அவை எத்தனை வாட் வெப்பம் கக்கும், அந்த வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு ரேடியேட்டர் என்ற வரிசையில் வந்தால் பணமும் மிஞ்சும், தலைவலியும் குறையும்.

முதல் படி: உங்கள் வேலையை அளந்து பாருங்கள்

இப்போது வைத்திருக்கும் கணினியில் உங்களுக்கு மிகவும் நெருக்கடியான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்து வழக்கம்போல் வேலை செய்யுங்கள். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போய் ‘கமிட்டட்’ என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அது உங்களிடம் உள்ள ரேமைத் தாண்டி நிற்கிறது, எஸ்எஸ்டியும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது என்றால் உங்கள் பிரச்சினை ரேம். புது ப்ராசஸர் வாங்கினாலும் தீராது.

அப்புறம் கோர்களைப் பாருங்கள். எல்லாக் கோரும் உச்சத்தில் நிற்கிறதா, அல்லது ஒன்றிரண்டு மட்டும் திணறி மற்றவை சும்மா கிடக்கின்றனவா? இரண்டாவது வகை என்றால் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை, ஒவ்வொரு கோரின் வேகமும் முக்கியம். கிராபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு நிரம்புகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது டேப், இரண்டு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு பாட்டு, ஒரு வீடியோ கால் என்பதெல்லாம் கனமான மல்டிடாஸ்கிங் ஆகாது. 32 ஜிபி ரேமும் நடுத்தர ப்ராசஸரும் ஒரு நல்ல ஏர் கூலரும் இருந்தால் அது சுகமாக ஓடும். மேற்கொண்டு படிப்பது உங்கள் விருப்பம்.

இரண்டாம் படி: ப்ராசஸரைவிட முக்கியமான ஒரு கேள்வி

கோர் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை ஓடும் கணினியில் பாதை நெரிசல்தான் பல சமயம் முட்டுக்கட்டை. பாதை என்றால் பிசிஐஇ லேன்கள், ப்ராசஸருக்கும் கார்டு, எஸ்எஸ்டி போன்ற சாதனங்களுக்கும் நடுவே தரவு போகிற தடங்கள்.

ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். 16 கோர், 32 த்ரெட். சாதனங்களுக்கென்று ப்ராசஸரிலிருந்து நேராக வருவது 24 லேன். கிராபிக்ஸ் கார்டு 16 எடுத்துக்கொள்ளும், இரண்டு எஸ்எஸ்டி தலா 4 எடுத்துக்கொள்ளும். முடிந்தது. மூன்றாவது எஸ்எஸ்டி, வேகமான நெட்வொர்க் கார்டு, கேப்சர் கார்டு, யுஎஸ்பியில் ஒரு பகுதி எல்லாம் சிப்செட் என்ற மதர்போர்டின் துணைச் சில்லு வழியாக, 4 லேன் அகலமுள்ள ஒரே பாலத்தில் நெருக்கியடித்துப் போக வேண்டியதுதான். இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே 24 கோர் தருகிறது. அதில் 8 பெரியவை, 16 சிறியவை. அங்கேயும் நிலைமை இதே ரகம்தான்.

ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு அல்லது மூன்று எஸ்எஸ்டி, 128 ஜிபிக்குள் ரேம் என்றால் இந்த மேசைக்கணினி ரகமே போதும். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, நாலைந்து எஸ்எஸ்டி, 256 ஜிபி ரேம் என்று போகிறவர்களுக்குத்தான் ஏஎம்டியின் பெரிய ரகமான த்ரெட்ரிப்பர். அதில் 9970எக்ஸ் 32 கோர், 64 த்ரெட். நான்கு மெமரி சேனல், தாராளமான லேன்கள். ஆனால் 350 வாட். ரேமும் சாதாரண ரேம் அல்ல, ஆர்டிஐஎம்எம் என்ற சர்வர் ரகம். மதர்போர்டு விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். லேன் தேவை உண்மையிலேயே இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். கோர் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மதர்போர்டு வாங்குமுன் அதன் கையேட்டை இறக்கிப் படிப்பது கட்டாயம். ‘இந்த எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டின் லேன் 16-லிருந்து 8 ஆகும்’ என்பது போன்ற வரிகள் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும்.

மூன்றாம் படி: ரேமும் எஸ்எஸ்டியும்

மேசைக்கணினி ரகத்தில் நான்கு ரேம் குச்சி போடாதீர்கள், இரண்டே போடுங்கள். ரைசன் 9950எக்ஸ் உட்காரும் ஏஎம்5 தளத்தில் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5600, நான்கு போட்டால் அது 3600. கைவித்தையால் கூட்டலாம்தான். ஆனால் வேலை பார்க்கிற கணினியில் நிலைத்தன்மைதான் முதலில். 48 ஜிபி குச்சி இரண்டு போட்டால் 96, 64 ஜிபி இரண்டு போட்டால் 128.

எஸ்எஸ்டியில் ஒரே பெரிய டிரைவ் வாங்குவதைவிட வேலைக்கு ஒன்றாகப் பிரிப்பது நல்லது. இயங்குதளம் ஒன்றில், விர்ச்சுவல் மெஷின்களும் நடப்பு வேலைகளும் இன்னொன்றில். வீடியோ வேலை என்றால் தற்காலிகக் கோப்புகளுக்கு (கேஷ்) மூன்றாவது. ஒரு வேலை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.

நான்காம் படி: வாட் கணக்கு

கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5090 என்று வைத்துக்கொள்வோம். 32 ஜிபி மெமரி, 575 வாட். ரைசன் 9950எக்ஸ்-இன் டிடிபி (குளிர்விப்பைத் திட்டமிட நிறுவனம் சொல்லும் வெப்ப அளவு) 170 வாட் என்றாலும், ஏஎம்5 சாக்கெட் தரக்கூடிய உச்சம் 230, அதையே கணக்கில் எடுப்போம். இரண்டும் சேர்ந்து 805 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள், பம்ப் எல்லாவற்றுக்கும் 100 சேர்த்தால் 900-ஐ ஒட்டி வரும்.

இதற்கு 1200 வாட்டுக்குக் குறைந்த பவர் சப்ளை வேண்டாம். ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில் உள்ளதை எடுங்கள். கார்டுகள் கண் இமைக்கும் நேரத்தில் இரட்டிப்பாக இழுத்துவிட்டு இறங்கும். அந்தத் துள்ளலைத் தாங்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் 3.0-லிருந்தே விதி வைத்திருக்கிறார்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2×6 கேபிளைச் செருகும்போது இடைவெளி துளியும் தெரியாதபடி முழுதாக உள்ளே போக வேண்டும். செருகிய இடத்தை ஒட்டியே வளைக்கவும் கூடாது. 600 வாட் வரை ஓடுகிற சின்ன இணைப்பு அது, சரியாகப் பதியாவிட்டால் உருகும்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் இதை யோசிப்பதே இல்லை. கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் 460 வாட். ப்ராசஸரை ஈகோ மோட் என்ற மின்சிக்கன அமைப்பில் 105 வாட் டிடிபிக்கு வைத்தால் சாக்கெட்டில் 142 வாட்தான் போகும். வெப்பம் குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. உச்ச வாட்டுக்கு ரேடியேட்டரைத் திட்டமிட்டுவிட்டு, தினசரி ஓட்டத்தை இப்படி அடக்கி வைத்தால் கணினி இருப்பதே காதுக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: ஏஐஓவா, கஸ்டம் லூப்பா?

ஏஐஓ என்பது பம்ப், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் சீல் செய்து வருகிற தயார் நிலை கூலர். கஸ்டம் லூப் என்பது இந்தப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் தண்ணீர்ச் சுற்று. ப்ராசஸரை மட்டும் குளிர்விக்கப் போகிறீர்கள் என்றால் 360 மிமீ ஏஐஓ ஒன்றை மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். ப்ராசஸருக்கு மட்டும் கஸ்டம் லூப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

காரணம் இது. 9950எக்ஸ்-இல் எட்டெட்டு கோராக இரண்டு சிறு சில்லுகள், ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மிமீ. அத்தனை வெப்பமும் அந்தக் குட்டி இடத்திலிருந்து கிளம்பி, மேலே உள்ள உலோக மூடியைத் தாண்டித்தான் பிளாக்குக்கு, அதாவது உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டிக்கு, வர முடியும். நெருக்கடி அங்கே. எத்தனை ரேடியேட்டர் அடுக்கினாலும் அந்த இடத்தை அகலப்படுத்த முடியாது.

கிராபிக்ஸ் கார்டு கதை வேறு. 5090-இன் சில்லு 750 சதுர மிமீ, மேலே மூடியும் கிடையாது. வாட்டர் பிளாக் நேராகச் சில்லின் மேல் உட்காரும். காற்றில் 70 டிகிரிக்கு மேல் ஓடுகிற கார்டு தண்ணீரில் 50-ஐச் சுற்றி நிற்பது சாதாரணம். சத்தத்தில் பெரும்பங்கு பல சமயம் கார்டின் மின்விசிறிகளிலிருந்து வருவதால், அதை நிறுத்தினாலே அறை மாறிவிடும். கஸ்டம் லூப் என்றால் கார்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கார்டுக்கு பிளாக் தேடும்போது சில்லின் பெயர் ஒத்துப்போனால் போதாது. ஒரே 5090-ஐ ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு சர்க்யூட் போர்டில் செய்கிறது, ஆகவே துல்லியமான மாடல் பெயருக்கு பிளாக் இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டுத்தான் கார்டை வாங்க வேண்டும். கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கழற்றவே பயம் என்றால் பிளாக் பொருத்தியே விற்கிற கார்டுகளும் உண்டு.

ஆறாம் படி: ரேடியேட்டர் எவ்வளவு?

கட்டுபவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது: மிதமான வேகத்தில் ஓடும் ஒரு 120 மிமீ மின்விசிறி அளவுக்கு ரேடியேட்டர் இருந்தால், தண்ணீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும்போது சுமார் 100 வாட்டை வெளியேற்றும். நம் 805 வாட்டுக்கு இந்தக் கணக்கில் 8 மின்விசிறி அளவு வரும். 15 டிகிரி வித்தியாசம் பரவாயில்லை என்றால் இரண்டு 360 மிமீ ரேடியேட்டர், அதாவது 6 மின்விசிறி போதும்.

அந்த 15 டிகிரியின் அர்த்தத்தைக் கவனியுங்கள். அறை 30 டிகிரி என்றால் தண்ணீர் 45. பம்புகள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் உச்ச வரம்பு, மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப்களும் சூட்டில் இளகும். முழு பாரத்தில் 45-ஐத் தாண்டாமல் திட்டமிடுவது பாதுகாப்பு. சூடான அறையில் கட்டுபவர்களுக்கு மூன்றாவது ரேடியேட்டர் ஆடம்பரம் ஆகாது.

தண்ணீர் எப்போதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. அந்த 900 வாட்டும் அறைக்குள்தான் வந்து விழும், சின்ன ரூம் ஹீட்டர் ஒன்றை நாள் முழுக்கப் போட்டு வைத்த மாதிரி. மேசைக்கு அடியில் மூடிய இடுக்கில் வைத்தால் எத்தனை ரேடியேட்டர் இருந்தும் வீண்.

தடிமன் விஷயத்தில், 30 மிமீ ரேடியேட்டர் மெதுவான மின்விசிறிக்கே நல்ல பலன் தரும். 60 மிமீ ரகம் மின்விசிறி வேகமாகச் சுற்றினால்தான் தன் திறமையைக் காட்டும். அமைதி வேண்டுபவர்கள் தடிமனைக் கூட்டாமல் பரப்பைக் கூட்டுவது மேல்.

கேபினட்டை இப்போது தேர்ந்தெடுக்கலாம், இதற்கு முன் அல்ல. ‘360 ரேடியேட்டர் மேலே பொருந்தும்’ என்று விளம்பரத்தில் இருந்தால் நம்பிவிடாதீர்கள். 30 மிமீ ரேடியேட்டரும் 25 மிமீ மின்விசிறியும் சேர்ந்தால் 55 மிமீ. மதர்போர்டின் மேல் விளிம்பில் நிற்கும் ஹீட்சிங்குக்கும் ரேமுக்கும் இடிக்காமல் அந்த 55 மிமீ கிடைக்கிறதா என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். ரேடியேட்டரின் இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் பெட்டிப் பகுதி இருக்கும், அதனால் 360 என்று பெயர் இருந்தாலும் நீளம் 390 மிமீயைத் தாண்டும்.

ஒரு காற்றாடியாவது ரேம், எஸ்எஸ்டி பக்கம் காற்று வீசும்படி வையுங்கள். ஏர் கூலர் இருந்தால் அதன் காற்று மதர்போர்டின் மின்சாரப் பகுதியையும் தடவிக்கொண்டு போகும். வாட்டர் கூலிங்கில் அது நின்றுவிடும். டிடிஆர்5 ரேமில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சில்லு குச்சியிலேயே இருப்பதால் அதுவும் சூடாகும். ப்ராசஸர் 70 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கும்போது ரேம் சூட்டில் கணினி தொங்கி நிற்பதற்கு இதுதான் காரணம்.

ஏழாம் படி: பம்ப், ட்யூப், திரவம்

பம்பில் டி5 ரகத்தை எடுத்தால் கேள்வியே இல்லை. சத்தம் குறைவு, உழைப்பு அதிகம். டிடிசி ரகம் சிறியது, அழுத்தம் அதிகம், ஆனால் சூடும் சத்தமும் கூடுதல். தொட்டியும் பம்பும் ஒன்றாக வருவதை வாங்கினால் ஒரு இணைப்பு மிச்சம்.

எந்தப் பாகத்துக்கு அடுத்து எந்தப் பாகம் என்ற சண்டை ஓயாது. கணக்குப் போட்டால் சண்டை முடிந்துவிடும்: மணிக்கு 150 லிட்டர் ஓடும் லூப்பில் 800 வாட்டும் ஏறினால், சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்கும் குறைவு. ஆகவே ட்யூப் எப்படி அழகாக, குறைந்த வளைவோடு போகிறதோ அப்படியே இணையுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்றே: தொட்டி பம்புக்கு மேலே, அதற்கு நேர் முன்னால் இருக்க வேண்டும்.

வேலைக்கான கணினிக்கு ஈபிடிஎம் ரப்பர் ட்யூப்தான் என் தேர்வு. கறுப்பு, அழகில் சுமார், ஆனால் கலங்காது, தோல் உரியாது, பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கண்ணாடி போன்ற கடின ட்யூப் படத்துக்கு நன்றாக இருக்கும், ஒரு எஸ்எஸ்டி மாற்ற வேண்டும் என்றால் பாதி லூப்பைக் கழற்ற வைக்கும். ஃபிட்டிங்குகள் ஜி1/4 மரையில் வரும். ட்யூபின் அளவும் ஃபிட்டிங்கின் அளவும், உள்விட்டம் வெளிவிட்டம் இரண்டும், ஒத்துப்போக வேண்டும்: 10/16 ட்யூபுக்கு 10/16 ஃபிட்டிங். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டிரெய்ன் வால்வு வைக்காமல் மூடாதீர்கள்.

உலோகம்: செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு இவை ஒன்றாக வாழும். அலுமினியம் மட்டும் வேண்டாம். செம்போடு ஒரே தண்ணீரில் அலுமினியம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, பிளாக்கின் நுண்ணிய துடுப்புகளில் சகதி சேரும். மலிவான ரேடியேட்டர்களில் அலுமினியம் ஒளிந்திருக்கும், விவரத்தைப் படியுங்கள்.

திரவத்துக்கு, அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்த நிறமற்ற கூலன்ட் போதும். பால் போல் ஒளிபுகாத வண்ணத் திரவங்களில் நுண்துகள்கள் மிதக்கும். நாளடைவில் அவை துடுப்புகளில் போய் அடைக்கும். வெறும் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

எட்டாம் படி: முதலில் காற்றில் ஓட்டுங்கள்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகிற படி. பிளாக்குகளை மாட்டும் முன், கடன் வாங்கியாவது ஒரு ஏர் கூலரைப் போட்டு முழுக் கணினியையும் ஒன்றிரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளில் ரேம், ஓசிசிடி என்ற மென்பொருளில் ப்ராசஸரும் கார்டும். பழுதான ரேம் குச்சியை இந்த நிலையில் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. கார்டின் பழைய கூலரையும் திருகுகளையும் பத்திரமாக வையுங்கள், உத்தரவாதத்துக்கோ விற்பதற்கோ அவை வேண்டும்.

ஒன்பதாம் படி: பொருத்துதல், கசிவுச் சோதனை, நிரப்புதல்

புது ரேடியேட்டருக்குள் தயாரிப்பின்போது பற்றவைத்த கழிவு ஒட்டியிருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டரைப் பாதி ஊற்றி, துளைகளை மூடி, நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். கொட்டும் தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்தால் துகள்கள் தெரியும். தெரியாதவரை தொடருங்கள்.

கார்டு பிளாக்கில் தெர்மல் பேடின் (வெப்பத்தை பிளாக்குக்குக் கடத்தும் மெத்தென்ற திண்டு) தடிமன் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும். 1 மிமீ கேட்ட இடத்தில் 1.5 வைத்தால் பிளாக் தூக்கிக்கொண்டு சில்லைத் தொடாது. திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ட்யூபை நேராக வெட்டி, ஃபிட்டிங்கின் அடிவரை தள்ளி, வளையத்தைக் கையால் இறுக்கினால் போதும். கொறடு எடுத்தால் அக்ரிலிக் பாகங்கள் விரிசல் விடும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றால் சோதிப்பது சிறந்தது. அழுத்தமானி வைத்த சின்னக் கைப்பம்ப் இதற்கென்றே கிடைக்கிறது. அரை பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள், தொட்டியின் கையேடு அதற்கும் குறைவாகச் சொன்னால் அதன்படி. முள் அசையாமல் நின்றால் நிரப்பலாம்.

நிரப்பும்போது பவர் சப்ளையிலிருந்து பம்புக்கு மட்டுமே இணைப்பு இருக்க வேண்டும். மதர்போர்டு, ப்ராசஸர், கார்டு கேபிள்கள் எல்லாம் கழன்றிருக்கட்டும். மின்சாரம் இல்லாத போர்டில் சிந்தினால் துடைத்து உலர்த்தலாம். 24 முனை கேபிளில் ஜம்பர் செருகி, பவர் சப்ளையின் சுவிட்சைத் தட்டினால் பம்ப் ஓடும். தொட்டியை முக்கால் நிரப்பி சுவிட்சைப் போடுங்கள். மட்டம் சரசரவென்று இறங்கும், பம்ப் காற்றை இழுக்கும் முன் அணையுங்கள். மீண்டும் ஊற்றி, மீண்டும் போடுங்கள். டி5 பம்புக்கு ஓடும் திரவம்தான் எண்ணெய், உலர்ந்து ஓடினால் பேரிங் தேயும். மட்டம் நின்றதும் மூடியை இறுக்கி, கேபினட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்தால் ரேடியேட்டருக்குள் பதுங்கிய காற்று கொப்பளித்து வெளியே வரும்.

ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து பம்பை ஒரு நாள் ஓடவிடுங்கள். ஈரப் பொட்டு ஒன்றுகூட இல்லை என்றால் மற்ற கேபிள்களை மாட்டலாம்.

பத்தாம் படி: கட்டுப்பாடும் பராமரிப்பும்

மின்விசிறிகளை ப்ராசஸர் வெப்பநிலைக்குக் கட்டிவிட்டால் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்ததற்கே உறுமிவிட்டு அடங்கும். தண்ணீரின் வெப்பநிலைக்குக் கட்டுங்கள். லூப்பில் ஒரு சென்சார், அதை மதர்போர்டின் தெர்மிஸ்டர் முனையிலோ அக்வாகம்ப்யூட்டரின் குவாட்ரோ, ஆக்டோ போன்ற கன்ட்ரோலரிலோ மாட்டினால் போதும். 35 டிகிரி வரை மெதுவாக, 45-இல் முழு வேகத்துக்கு அருகில். பம்பை ஒரே வேகத்தில் நிறுத்துங்கள், பாதிக்குச் சற்று மேலே இருந்தால் பெரும்பாலும் போதும். தண்ணீர் 50-ஐத் தாண்டினாலோ ஓட்டம் நின்றாலோ கணினி தானே அணைய ஏற்பாடு செய்யுங்கள். பம்பின் வேகத்தைச் சொல்லும் வயரை சிபியு ஃபேன் முனையில் செருகினால், பம்ப் சுற்றாதபோது பெரும்பாலான மதர்போர்டுகள் எச்சரிக்கும்.

முழு பாரச் சோதனையை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், தண்ணீர் சூடேறி நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அறை, தண்ணீர், கார்டு, ப்ராசஸர் நான்கின் வெப்பநிலையையும் ஓட்டத்தின் அளவையும் எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து இதே சோதனையில் கார்டுக்கும் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசம் கூடியிருந்தால் சில்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்டையோ பிளாக்கையோ பார்க்க வேண்டும். தண்ணீருக்கும் அறைக்குமான வித்தியாசம் கூடியிருந்தால் ரேடியேட்டரில் தூசி. ஓட்டம் குறைந்திருந்தால் எங்கோ அடைப்பு.

கூலன்டை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அப்போது ப்ராசஸர் பிளாக்கைத் திறந்து துடுப்புகளை மென்மையான பல் பிரஷால் தேய்த்து, ஓ-ரிங்கை அதன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்காரவைத்து மூடி, மறுபடியும் காற்றழுத்தச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.